பிளசருக்குள்ள உழுந்த நெழலு

மேகமெல்லாம் வேற ஊருக்கு வாக்கப்பட்டுப் போயிட்ட ஒரு வருசத்துல, கெணத்துத் தண்ணி பாதாளத்துல போயிப் படுத்துக்கிட்ட ஒரு மாசத்துல, ஊசிப்பாளையத்துல என்ற தம்பி தெய்வசிகாமணி தோட்டத்துப் பழைய சாளைய இடிக்கறதுக்கு ஆளு உட்டான். தம்பின்னா கூடப் பொறந்தவன் இல்ல கண்ணு, சித்தப்பன் மவன், ஆனா ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு, அவன் அங்க தும்முனா நான் இங்க நூறுன்னு சொல்லுவேன், அப்பிடியாப்பட்ட தம்பி. சாளைங்கறது மாடு கன்னையும் தீவனத்தையும் போட்டு வெக்கிற கொட்டாய். மாடு போயி, கன்னு போயி, அதுகளுக்குத் தண்ணி காட்டுன ஆளும் போயி, கொட்டாய் மட்டும் வேற போக்கிடம் இல்லாம நின்னுச்சு. அத இடிச்சுப்போட்டு, தகரம் போட்டு, திருப்பூர்க்காரனுக்கு பனியன் வேஸ்ட்டு குடோனா உடலாமுன்னு அவனுக்கு ஒரு ரோசனை. தெய்வசிகாமணிக்கு எதையாச்சும் இடிச்சுட்டே இருக்கோணும், இல்லாட்டி வெட்டிட்டே இருக்கோணும். சும்மா நிக்கிற எதைப் பாத்தாலும் அவனுக்குக் கை ஊறும்.

ஆளுக தேங்கா மட்டைய அள்ளுனாங்க, மட்டைக்கடியில மக்குன சோளத்தட்டு இருந்துச்சு, தட்டுக்கடியில ஒடைஞ்ச ஏரு இருந்துச்சு, ஏருக்கடியில ரெண்டு முண்டக்கண்ணு இருந்துச்சு. கடப்பாரை புடிச்சிருந்தவன் எருமைன்னு நெனச்சு, "ஹோய், எந்திரி"ன்னு அதட்டுனான். அது எந்திரிக்கல. துண்டால தொடச்சுப் பாத்தா பிளசரு. அந்தக் காலத்துல நாங்க காருன்னு சொல்றதில்ல, பிளசருன்னுதான் சொல்றது. கன்னங்கரேல்னு, கல்யாணப் பொட்டி கணக்கா, முன்னால ரெண்டு வெளக்கும் தவளக் கண்ணு மாதிரி பிதுங்கிட்டு.

அது எப்பிடி அங்க வந்துச்சுங்கறது எனக்கு மட்டுந்தான் நாவகம் இருந்துச்சு. எங்க சித்தப்பன், அதாவது தெய்வசிகாமணியோட அப்பன், எஸ்டேட்டு டாக்டரு ஒருத்தருகிட்ட ஆசப்பட்டு வாங்குனது. சந்தனம் தடவி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் பயணமா தாராபுரத்துப் பக்கம் ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க, வூட்டுக் கல்யாணத்துக்குப் போனாரு. மாட்டு வண்டியில போனா விடியக்காலம் கெளம்பி, வழியில சத்திரத்துல கட்டுச்சோறு தின்னு, மரத்தடியில ஒரு தூக்கம் போட்டு, சரியா பந்தி போடறப்பப் போயி எறங்கலாம். அதே நேரத்துக்கே பிளசர்லயும் கெளம்பிட்டாரு. போயி எறங்குனா பந்தல்ல ஒரு நாயி படுத்திருக்குது, அடுப்பு பத்த வெக்கல, பொண்ணுக்காரங்க பல்லு வெளக்கிட்டிருக்காங்க. "வாங்க"ன்னு சொல்றதுக்கு வாயில வேப்பங்குச்சியோட நின்னாங்களாம். சித்தப்பனுக்கு மானம் போயிருச்சு. "சோத்துக்குப் பறந்து வந்தான்னு சொல்ல மாட்டாங்களா, இத்தன வெரசாப் போயி என்னத்தப் பண்றது"ன்னு வண்டியக் கொண்டாந்து சாளையில நிறுத்தி, மேல தட்டப் போட்டு மூடுனவருதான், சாகற வரைக்கும் மாட்டு வண்டியிலதான் போனாரு. எல்லாக் கல்யாணத்துக்கும் சரியா பந்தி நேரத்துக்குப் போனாரு.

ஆச்சா. பிளசரு வெளிய வந்த அன்னிக்கு, தெய்வசிகாமணி பொண்டாட்டி மயிலாத்தா ஆளுகளுக்கு டீ கொண்டுட்டுப் போனா. அவளுக்கு முழங்கால் வலி. உக்கார எடமில்லாம, பின்னாடி கதவத் தொறந்து சீட்டுல உக்காந்து, வெயிலுக்குக் கதவச் சாத்திக்கிட்டா. டீ குடிச்சு முடிச்சு ஆளுக டம்ளரக் கழுவிக் குடுக்க வந்து பாத்தா, மயிலாத்தா நாக்கு ஊதாவா இருக்குது. மடி பூரா நாவப்பழம். அது நாவப்பழக் காலமும் இல்ல, ஊசிப்பாளையத்துல நாவ மரமும் இல்ல.

இருந்துச்சு, முன்னால. அந்தக் கதையச் சொல்லாம மேல போக முடியாது. மயிலாத்தா கல்யாணமாகி வந்தப்ப, முகூர்த்தத்துல இருந்து வூட்டுக்குள்ள கால் வெக்கிற வரைக்கும் வாயே தொறக்கல. எத்தன அடக்கமான பொண்ணுன்னு ஊரே மெச்சுச்சு. எங்க சின்னாத்தா, அதான் தெய்வசிகாமணியோட அம்மா, பூரிச்சுப் போயிட்டாங்க. அடக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, தாய் வூட்டுல கடைசியாத் தின்ன நாவப்பழத்தோட கொட்டைய வாயிலயே அதக்கி வெச்சிருந்தா. வூட்டு முன்னால வந்து எறங்குன ஒடனே அத வாசல் ஓரமாத் துப்புனா. அது மொளச்சு, வளந்து, ரெண்டு புள்ளைகளும் பொறந்து அதுல ஏறி எறங்கி, வெளியூருக்கும் போயாச்சு. மரம் மட்டும் அவளோட இருந்துச்சு. வெள்ளிக்கெழம தலைக்குக் குளிச்சா அதுக்கடியிலதான் தலைய ஒணத்துவா. அதத்தான் தெய்வசிகாமணி வெட்டிப்போட்டு, போர்ட்டிக்கோ கட்டுனான். எதுக்குன்னு கேட்டா, பின்னால காரு வாங்குனா நிறுத்தறதுக்கு. காரு வாங்கவே இல்ல. போர்ட்டிக்கோவுல வெங்காயம் காயப்போட்டான்.

அன்னியில இருந்து மயிலாத்தா அவங்கிட்ட நேரா ஒரு வார்த்த பேசுனதில்ல. சண்ட போடல, தாய் வூட்டுக்குப் போவல, வேளைக்குச் சோறு வந்துரும். ஆனா சொல்றதெல்லாம் செவுத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற எனக்குத்தான் சொல்லுவா, நாத்தனாள எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்புடறது. "நங்கையா, கொழம்புல உப்புக் கம்மியா இருந்தாச் சொல்லச் சொல்லுங்க"ன்னு அவ அங்கிருந்து சத்தம் போடுவா. "டேய், உப்புக் கம்மியாடா"ன்னு நான் இங்கிருந்து கேப்பேன். "சரியா இருக்குதுக்கா"ன்னு அவன் அங்கிருந்து கத்துவான். ரெண்டு பேரும் ஒரே ரூம்புலதான் இருப்பாங்க.

பிளசருக்குள்ள அந்த மரம் எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கறியா. நானும் எட்டிப் பாத்தேன். மேல தகரமும் இருந்துச்சு, தகரத்துக்குக் கீழ மரமும் இருந்துச்சு. பஸ்ஸுல ஒரு சீட்டுல ரெண்டு பொம்பளைங்க ஒதுங்கி ஒதுங்கி உக்காந்துக்கற மாதிரி, ஒண்ணுக்கொண்ணு எடம் உட்டு நின்னுச்சு. அணில் ஓடுச்சு. காக்கா எச்சம் போட்டுச்சு. மயிலாத்தா தலைமயிர அவுத்து உட்டுட்டு, "நங்கையா, நான் இனி இங்கதான்"னு சொல்லிப்போட்டா. அதுக்குப் பொறவு குளிக்கறதுக்கு எங்கூட்டுக்கு வருவா, திரும்பிப் போயி பிளசர்ல உக்காந்துக்குவா. அவளுக்கும் நான்தான் ஆக்கிக் கொண்டுபோயிக் குடுத்தேன், தெய்வசிகாமணிக்கும் நான்தான் ஆக்கிப் போட்டேன்.

ஏன் வந்துச்சு, எப்பிடி வந்துச்சுன்னு எங்கூர்ல ஆரும் பெருசாக் கேக்கல. கேட்டுக்கிட்டதெல்லாம், முன்னால சீட்டு காலியாத்தான இருக்குது, நாங்க உக்காந்தா மயிலாத்தா ஒண்ணும் சொல்லுவாளாங்கறதுதான். அவ சொல்லல. "கதவ மெல்லச் சாத்துங்க, அணில் பயப்படுது"ன்னு மட்டும் சொன்னா.

முதல்ல வாத்தியாரு ஞானசேகரம் உக்காந்தாரு. அவருக்குப் பன மரம் வந்துச்சு. பன மர நெழலு தெரியுமல்ல, ஒரு வேட்டிக் கரை அகலந்தான் இருக்கும், அது நகர நகர நாமளும் நகரோணும். வாத்தியாரு முன் சீட்டுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகந்துக்கிட்டே இருந்தாரு, எறங்கறப்ப மூஞ்சியில அப்பிடி ஒரு நெறவு. பொறவு பால் சொசைட்டி செகரட்டரி கொழந்தவேலு உக்காந்தான். அவனுக்கு முருங்க மரம், காயோட மட்டும் வரல, கம்பளிப்பூச்சியோட வந்துச்சு. ஒடம்பு பூராத் தடிச்சு, சொறிஞ்சுக்கிட்டே எறங்கி, சொறிஞ்சுக்கிட்டே அழுதான். "எங்காத்தா வெச்ச முருங்கங்க"ன்னான். மறு நாளும் வந்து, மறுபடியும் உக்காந்து, மறுபடியும் சொறிஞ்சுட்டுப் போனான். கள்ளுக்கடை சின்னானுக்குக் கருவேல மரம். வேற எந்த மரம் வரும் அவனுக்கு, பொண்டாட்டிக்குத் தெரியாம அதுக்கடியிலதான ஒளிஞ்சு குடிச்சான். முதுவு பூரா முள்ளோட எறங்குனவன, பொண்டாட்டி ஊக்கு வெச்சு முள்ளெடுத்துக்கிட்டே, "இத்தன நாளா அங்கயா இருந்த"ன்னு கேட்டா.

எனக்கு எலந்த மரம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருந்தது. நான் பள்ளிக்கூடம் போனதில்ல, அந்த மரத்துக்குத்தான் போனேன். உள்ள புள்ளைக வாய்ப்பாடு சொல்லும், வெளிய நான் எலந்தப்பழம் தின்னுட்டே கேப்பேன், அதனாலதான் எனக்கு இன்னிக்கும் ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும். எட்டாம் வாய்ப்பாடு நடத்தறதுக்குள்ள பழம் தீந்துபோச்சு.

ஊரு பூரா வந்துச்சு, பக்கத்தூரும் வந்துச்சு. கரண்டு ஆபீசு லைன்மேன் ஒருத்தரு வந்து, மயிலாத்தா மரத்தப் பாத்ததும் பழக்க தோசத்துல, "கம்பியில படுது, வெட்டிறலாமுங்களா"ன்னு கேட்டாரு. எந்தக் கம்பின்னு கேட்டா முழிச்சாரு. புருசனும் பொண்டாட்டியுமா சோடியா உக்காந்தா முன்னால சீட்டுல ரெண்டு மரமும் சிக்கிக்கிட்டு, அவன் புளிய மரம் அவ மாமரத்த அமுக்குதுன்னு வண்டிக்குள்ளயே வாய்த்தகராறு ஆவும். அதனால ஒத்தையாத்தான் உக்காரோணும்னு ஆயிப்போச்சு. கொஞ்ச நாள்ல சாதகம் பாக்கறதையே நிறுத்திப்போட்டாங்க. மாப்பிள்ளையக் கொண்டாந்து பிளசர்ல உக்கார வெச்சு, என்ன மரம் உழுவுதுன்னு பாத்துட்டுத்தான் தட்டு மாத்துனாங்க. காங்கயத்து மாப்பிள்ளைக்குத் தைல மரம் வந்துச்சு. பொண்ணோட அம்மா, "வேண்டாமுங்க, வூட்டுக் கெணத்தையே உறிஞ்சிப்போடும்"னு கைகும்பிட்டு அனுப்பி வெச்சா. இன்னொருத்தனுக்கு ஆல மரம். எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க, பொண்ணு மட்டும், "ஆல மரத்தடியில புல்லு மொளைக்காது, நான் எங்க மொளைக்கறது"ன்னு கேட்டுப்போட்டா. கடைசியா வேலியோரக் கிளுவ மரம் வந்த பையனைத்தான் கட்டிக்கிட்டா. அவன் இன்னிக்கு வரைக்கும் ஆடு மேஞ்சாலும் மாடு மேஞ்சாலும் சிரிச்சுட்டே நிக்கறான்.

ஒரு பிளசர்ல மரம் வந்தா இன்னொண்ணுல வராதான்னு, எல்லாரும் அவங்கவங்க கொட்டாயத் தோண்ட ஆரம்பிச்சாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, எங்கூர்ல மனுசனுக்கு நிகரா காரும் ஒளிஞ்சிருந்துச்சுன்னு. ரைஸ்மில் சுப்பையன் தவிட்டு மூட்டைக்குப் பின்னால ஒரு அம்பாசிடரக் கண்டுபுடிச்சான். அதுல கோழி அடை வெச்சிருந்துச்சு. மூணு தலமொற கோழி, அதுல பொறந்து அதுலயே செத்ததுக. சுப்பையன் உள்ள உக்காந்து கதவச் சாத்தி கண்ண மூடிக் காத்திருந்தான், கோழிப்பேன்தான் வந்துச்சு. இன்னொருத்தன் பாழுங்கெணத்துல இருந்து ஒரு ஜீப்பு பாதிய மேல ஏத்துனான். மீதிப் பாதி எந்தக் கெணத்துலன்னு இன்னுந் தேடிட்டிருக்கறான். கார் வந்துச்சே தவிர, அதுக எதுலயும் ஒரு எல கூட உழுவல.

எல்லாருக்கும் மரம் வந்துச்சு. தெய்வசிகாமணிக்கு வரல.

பொண்டாட்டி வூட்டுக்கு வரோணும்னுதான் அவனும் வந்து முன்னால உக்காந்தான். "இவ ஒரு மரத்துக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கறா, எனக்கும் ஒண்ணு வந்துருச்சுன்னா சரிக்குச் சரியாப் போயிரும், எறங்கிருவா"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஏறுனான். கதவச் சாத்துனான். ஊரே கண்ணாடி வழியா எட்டிப் பாத்துச்சு. வேர்வை வந்துச்சு. ரெக்சின் சீட்டு முதுவுல ஒட்டிக்கிச்சு. கண்ணாடியில பட்ட வெயிலு நேரா அவன் மண்டையில எறங்குச்சு. பின் சீட்டுல அவன் பொண்டாட்டி குளுகுளுன்னு நாவ மரத்துக்கடியில உக்காந்திருக்கா, முன் சீட்டுல இவன் வடகம் மாதிரிக் காயறான். கடைசியா மயிலாத்தாதான் சொன்னா, "நங்கையா, அந்தாள எறங்கச் சொல்லுங்க, மயக்கம் வந்துரப்போவுது."

அதுக்குப் பொறவு ஊருல அவனுக்கு மருவாதி கொறஞ்சுபோச்சு. எங்க பக்கம் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடறப்ப, பாலுள்ள மரத்துக் கெளைய ஊருல நல்லா வாழ்ந்த ஆம்பள ஒருத்தரு கையிலதான் குடுத்து நடச் சொல்லுவாங்க. எப்பவும் தெய்வசிகாமணிதான் நடுவான். அந்த ஆவணியில ஒருத்தருங்கூட அவனக் கூப்புடல. "மரமே வராத கையி, நட்டா தழையுமா"ன்னு சாடையாப் பேசிக்கிட்டாங்க. அவன் வெள்ளச் சட்ட போட்டு, பவுடரு போட்டு, வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டு உள்ள வந்துட்டான்.

அன்னிக்கு எங்கூட்டுல சோறு தின்னுட்டே கேட்டான், "ஏக்கா, ஒரு மரத்த எப்பிடிக்கா புடிச்சுக்கறது?"

"அது என்ன சைக்கிளாடா, புடிச்சுக்கறதுக்கு"ன்னேன்.

ஆனாலும் உடல அவன். பஸ் ஸ்டாப்பு வேம்புக்கடியில நித்தம் போயி பேப்பரு படிச்சுப் பாத்தான். கோயில் அரச மரத்தச் சுத்தி வந்தான், கொழந்த வரம் கேக்க வந்த பொண்ணுக அவனப் பாத்து ஒதுங்கிப் போச்சுக. ஒரு தென்ன மரத்தக் கட்டிப் புடிச்சான், கட்டெறும்பு ஏறிருச்சு. நர்சரியில ஒரு பாக்கெட்டுச் செடி வாங்கி, அத மடியில வெச்சுக்கிட்டு மறுபடியும் பிளசர்ல உக்காந்தான். செடி வாடிப்போச்சு. பின்னால இருந்து மயிலாத்தா சிரிச்சா. அந்தச் சிரிப்புத்தான் அவனுக்குப் பொறுக்கல.

அந்த நேரம் பாத்துத்தான் கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையன் வந்தான், பேரு நிரஞ்சன். பழைய காருகளத் தேடித் தேடி வாங்கி, பளபளன்னு ஆக்கி வெச்சுக்கறது அவனுக்குப் பொழுதுபோக்காம். எங்கூர்ல மண்ணத் தோண்டுனாக் காரு வருதுன்னு கேள்விப்பட்டு வந்திருக்கான். பிளசரச் சுத்திச் சுத்தி வந்தான், கீழ படுத்துப் பாத்தான், தட்டிப் பாத்தான், மாடு வாங்கறவன் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி பானட்டத் தொறந்து பாத்தான். "எல்லாமே ஒரிஜினலுங்க"ன்னு சொல்றப்ப அவனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. தெய்வசிகாமணி வெல கூடப் பேசல. "எடுத்துட்டுப் போ தம்பி"ன்னுட்டான். வண்டி போயிட்டா வூட்டுக்கு வந்துதான ஆவோணும்னு அவன் நெனப்பு.

நிரஞ்சன் பின் கதவக் குனிஞ்சு பாத்து, "ஆன்ட்டி, கொஞ்சம் எறங்குறீங்களா"ன்னான்.

"எறங்க மாட்டேன்."

"வண்டிய வித்துட்டாங்க ஆன்ட்டி."

"வித்தவங்க விக்கட்டும். வண்டி எங்க போவுதோ அங்க நானும் வரேன்."

"ட்ரெய்லர்ல ஏத்துனா உள்ள ஆளு இருக்கக் கூடாதுங்க. போலீசு புடிக்கும்."

"புடிச்சா மரத்தக் காட்டறேன். உனக்கு வூட்டுல அம்மா இருக்கறாங்களா? அவங்ககிட்டச் சொல்லிரு, ஒரு ஆளு கூட வருதுன்னு. நான் கொஞ்சமாத்தான் திங்கறது."

பையன் தெய்வசிகாமணியப் பாத்தான். தெய்வசிகாமணி என்னையப் பாத்தான். நான் ஆகாசத்தப் பாத்தேன். அந்தப் பையன் ஒண்ணும் புரியாம, ஸ்டியரிங்க எதுக்கும் ஒரு தடவ புடிச்சுப் பாக்கலாமுன்னு முன்னால ஏறி உக்காந்து கதவச் சாத்துனான். அவனுக்கு பாதாம் மரம் வந்துச்சு. பள்ளிக்கூட வேனுக்கு நிக்கற எடத்துல இருந்ததாம். செவப்பு செவப்பா எல உழுந்து மடி ரொம்பிருச்சு. எறங்கறப்ப ரெண்டு எலைய மட்டும் சட்டைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு, "வெள்ளிக்கெழமை ட்ரெய்லரோட வரேன் சார், அதுக்குள்ள நீங்க பேசி வைங்க"ன்னு போயிட்டான்.

ஊரு கொதிச்சுப்போச்சு. வாத்தியாரு வந்து பேசுனாரு, கொழந்தவேலு சொறிஞ்சுக்கிட்டே வந்து பேசுனான், கல்யாணத் தரகரு ரெண்டு பேரு கால்லயே உழுந்தாங்க. தெய்வசிகாமணி மசியல. "என்ற வண்டி, என்ற பொண்டாட்டி"ன்னான். "ரெண்டும் ஒண்ணா போயிருச்சுன்னா என்னடா பண்ணுவ"ன்னு நான் கேட்டேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தான். மயிலாத்தா எங்கூட்டுக்கு வந்து ரெண்டு சேலைய மடிச்சு ஒரு துணிப்பையில வெச்சுக்கிட்டுப் போனா. முழங்காலுக்குத் தேய்க்கற தைலத்தையும் மறக்காம எடுத்துக்கிட்டா. தைலத்த எடுத்துக்கிட்டுப் போற பொம்பள திரும்பி வர மாட்டா.

வெள்ளிக்கெழமை காலையில ட்ரெய்லர் வந்துச்சு. நிரஞ்சன் பிளசரு முன்னால கயிறு கட்டுனான், முன் சீட்டு பூரா ஜாக்கி, ஸ்பேனரு, சங்கிலின்னு சாமானா அடுக்குனான். ஊரே சுத்தி நின்னுச்சு. மயிலாத்தா துணிப்பைய மடியில வெச்சுக்கிட்டு, ஊருக்குப் போற பஸ்ஸுல சீட்டுப் புடிச்சவ மாதிரி நேராப் பாத்துட்டு உக்காந்திருந்தா. நான் ஒரு சொம்பு மோரு கொண்டுபோயி சன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன். அந்தக் கண்ணாடி ஏறாது, எறங்குன எடத்துலயே நிக்கும், அதனால எனக்கு உள்ள பேசறதெல்லாம் கேட்டுச்சு, ஒட்டுக் கேட்டேன்னு நெனைக்காத.

தெய்வசிகாமணி வந்தான். கடைசியா ஒரு வார்த்த சொல்லிப் பாக்கலாமுன்னு முன் கதவத் தொறந்தான், உக்கார எடமில்ல. சுத்தி வந்து பின் கதவத் தொறந்தான். மயிலாத்தா நகந்து எடம் உடல, நகராமயும் இல்ல. முட்டிக்கு முட்டி இடிக்கற மாதிரி பக்கத்துல உக்காந்து கதவச் சாத்துனான். கையக் கோத்து மடியில வெச்சுக்கிட்டு, முன்னால இருக்கற ஜாக்கியவே பாத்துட்டு இருந்தான்.

மொதல்ல சோப்புத் தண்ணி வாசம் வந்துச்சு. பொறவு நாவ மரம் மெல்ல ஒரு பக்கமா ஒதுங்கிக்கிச்சு, கூட்டத்துல தெரிஞ்சவங்க வந்தா நாம ஒதுங்கறமல்ல, அந்த மாதிரி. தெய்வசிகாமணி தோளுக்கு மேல ஒரு நெழலு உழுந்துச்சு. பெரிய நெழலு இல்ல. விரிச்ச கை மாதிரி எல, அதுல வெரலுக்கு வெரலு சந்து, சந்து வழியா வெயிலு. ஒரு தோளுக்குத்தான் பத்துச்சு, இன்னொரு தோளு காஞ்சுட்டு இருந்துச்சு. அவன் அந்த நெழல அண்ணாந்துகூடப் பாக்கல. எப்பவும் அங்கயே இருந்த மாதிரி உக்காந்திருந்தான்.

மயிலாத்தா திரும்பிப் பாத்தா. செவுத்துக்குச் சொல்லாம, எனக்குச் சொல்லாம, அவனப் பாத்தே கேட்டா, "ஏனுங்க, அது எந்த மரம்?"

"நம்ம பொடக்காணிப் பப்பாளி"ன்னான். பொடக்காணின்னா வூட்டுக்குப் பின்னால, துணி தொவைக்கிற எடம். "தொவைக்கிற கல்லுக்கிட்ட, தண்ணி போற வழியில தானா மொளச்சுதே. கண்ணாலமான புதுசுல வூடு நெறைய ஆளுக. உங்கிட்ட ஒரு வார்த்த பேசோணும்னா அதுக்கடியிலதான் நிக்கோணும். ரெண்டு பேத்துக்கு நெழலு பத்தாது. நீ நெழல்ல நிப்ப. நான் வெயில்ல நிப்பேன்."

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"பப்பாளிய மரம்னு சொன்னா சிரிப்பாங்க."

மயிலாத்தா துணிப்பையோட காதத் திருகுனா. பொறவு தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னா, "அது ஆம்பளப் பப்பாளிங்க. பூவாப் பூத்துக் கொட்டுச்சு, ஒரு பிஞ்சு புடிக்கல. உங்கம்மா நித்தம் அதப் பாத்துட்டே சாட பேசுவாங்க, காய்க்காதது எல்லாம் வூட்டுக்குள்ள வந்து நிக்குதுன்னு. எனக்கும் அப்ப வயித்துல ஒண்ணும் தங்கல. ஒரு நாளு மத்தியானம் பொறுக்க மாட்டாம, நான்தான் கொடுவாள எடுத்து..."

"தெரியும்."

"என்னது?"

"கொடுவாள்ல பப்பாளிப் பாலு ஒட்டியிருந்துச்சு. அம்மா பாக்கறதுக்கு முந்தி நாந்தான் கழுவி வெச்சேன். ஆடு தள்ளிருச்சுன்னு சொல்லிப்போட்டேன்."

அட, ஆமா. எனக்கு அப்பத்தான் நாவகம் வந்துச்சு. மரத்த முறிச்ச ஆட்ட வெச்சிருக்கக் கூடாதுன்னு எங்க சின்னாத்தா அந்த வாரமே அத அறுத்துக் கறி போட்டாங்க. எங்கூட்டுக்கும் ஒரு பங்கு வந்துச்சு. நல்ல எளங்கறி. பாவம், அது ஒரு தப்பும் பண்ணல.

மோர்ச் சொம்பு என்ற கையில கனக்குது, குடுக்கறதா வேண்டாமான்னு தெரியல. நாவ மரத்துல அணிலு, பப்பாளியப் பாத்துட்டு அசையாம இருந்துச்சு. மயிலாத்தா கைய நீட்டி, அவன் வெயிலுபட்ட தோளுமேல, நெழலு பத்தாத தோளுமேல, சேலத் தலைப்பப் போட்டா. பொறவு கதவத் தொறந்து, முழங்காலப் புடிச்சுக்கிட்டு, துணிப்பையோட கீழ எறங்குனா.

"எறங்குங்க, வெயிலு ஏறுது. ஒல வெக்கோணும்"னா.

"நீ போயி வையி. நான் செத்த நேரம் இருந்துட்டு வரேன்"னான் தெய்வசிகாமணி.

நிரஞ்சன் கயித்த ஒரு கையில புடிச்சுக்கிட்டு, ட்ரெய்லர்க்காரனப் பாத்து, ஊரப் பாத்து, கடைசியா சன்னலுக்குள்ள குனிஞ்சு, "சார், நீங்க எறங்குனீங்கன்னா..."ன்னு இழுத்தான்.

"சோறு தின்னுட்டுப் போலாம் தம்பி"ன்னான் அவன், கண்ணத் தொறக்காம. "கயித்த அவுத்து உடு. நாவ மரத்துக்கு இறுக்கமா இருக்கும்."

மயிலாத்தா நொண்டிக்கிட்டே வூட்டுக்குப் போயி, போர்ட்டிக்கோவுல இருந்து நாலு வெங்காயம் பொறுக்கி, அடுப்பப் பத்த வெச்சு, மூணு பேத்துக்கு அரிசி போட்டா. இத்தன நாளா ரெண்டு பக்கமும் ஆக்கிப்போட்ட என்னைய ஒரு வார்த்த கூப்புடல.